நாளுக்கு ஒரு வினா

வகுப்பறையில் ஆசிரியர் கேட்கும் வினாக்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை, விடையை முன்னரே அறிந்தவர், அதை அறிந்திருக்கிறாரா என்று மற்றவரைச் சோதிப்பவை. சரியாக விடை கூறுபவர் பாராட்டப் பெறுகிறார். தவறியவர் தலைகுனிந்து அமர்கிறார். வீட்டில் பாடம் சொல்லித்தர எவருமில்லாத முதல் தலைமுறை மாணவர், பள்ளிக்கு வந்த சில வாரங்களிலேயே வாய்திறவாமல் இருப்பது நல்லது என்று முடிவுசெய்துவிடுகிறார். பிறகு அவருக்கு ஐயம் எழுந்தாலும் கேட்பதில்லை. அவர் பின்தங்குவது பெரும்பாலும் தேர்வு முடிந்த பின்னரே ஆசிரியருக்குத் தெரிய வருகிறது.

இந்நிலையை மாற்ற எளியதொரு வழி உண்டு. நாள்தோறும் வருகைப் பதிவு முடிந்ததும், சரி, தவறு என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒரு வினாவை ஆசிரியர் வகுப்பின் முன் வைப்பதே அவ்வழி. இதற்கு ஐந்து நிமிடங்கள் போதும்.

சட்டத்தின் நோக்கம்

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. அச்சமும் பதற்றமும் அகன்று, தன் கருத்தைத் தடையின்றி வெளியிடக் குழந்தைக்குத் துணைநிற்கும் கல்விமுறை வேண்டும் என்று 29ஆம் பிரிவு கூறுகிறது. பிரம்பைச் சட்டத்தால் விலக்க இயலும். ஆனால் ஆசிரியரிடம் மாணவர் கொள்ள வேண்டிய நம்பிக்கையை ஆணையால் உண்டாக்க இயலாது. அது அன்றாடப் பழக்கத்தில் வளர்வது.

இக்கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. குஜராத்தின் பாவ்நகரில் குழந்தைக் கல்விப் பணியாற்றிய கிஜுபாய் பதேகா, 1930களின் தொடக்கத்தில் எழுதிய ‘திவாஸ்வப்னா’ நூலில், நான்காம் வகுப்பொன்றை ஏற்கும் ஆசிரியரின் கதையைக் கூறுகிறார். முதல் நாள் அவர் நடத்த முயன்ற மௌன விளையாட்டு, குழந்தைகளின் கூச்சலில் தோல்வியுறுகிறது. அடுத்து அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொள்கின்றனர். உறவு ஏற்பட்ட பின்னரே பாடம் தொடங்குகிறது. அண்மைக் காலத்தில், தில்லி அரசுப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட மகிழ்ச்சிப் பாடத்திட்டமும், தேர்வு இல்லாத ஒரு பாடவேளையில் கதைக்கும் உரையாடலுக்கும் இடமளித்தது.

நேரக் கணக்கு

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்னும் ஆசிரியரின் கவலை நியாயமானது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் இதற்காகும் செலவு சிறிதே. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டிற்குக் குறைந்தது 220 வேலைநாட்களும் 1,000 கற்பித்தல் மணிகளும் வேண்டும். நாளொன்றுக்கு 5 நிமிடம் எனில் ஆண்டிற்கு 1,100 நிமிடங்கள், அதாவது சுமார் 18 மணி நேரம். இது மொத்த நேரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் குறைவு.

அதே சட்டம் இவ்வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. நாள்தோறும் ஐவர் பேசினால் ஏழு நாட்களில் ஒரு சுற்று முடியும். ஆண்டிற்குள் ஒவ்வொருவரும் முப்பது முறை பேசியிருப்பர். அறுபது பேர் நெருக்கியடித்து அமரும் வகுப்பிலோ, அருகிலிருப்பவரிடம் இருவர் இருவராகப் பேசச் செய்து, பின் ஐவரிடம் மட்டும் கேட்கலாம்.

எத்தகைய வினா?

பள்ளிக்கு வரும் வழியில் இன்று என்ன பறவையைக் கண்டீர்கள்? புதிதாக வரும் ஒருவருக்கு உங்கள் ஊரில் முதலில் எந்த இடத்தைக் காட்டுவீர்கள்? எந்த வேலையைப் பிறருக்குக் கற்றுத்தர உங்களால் முடியும்? இவற்றிற்கு விடை கூறப் பணமோ படிப்போ தேவையில்லை. மாடு மேய்க்கும் சிறுவன் மூன்றாம் வினாவிற்குக் கூறும் விடை, வகுப்பில் முதலிடம் பெறுபவருக்கும் புதிய செய்தியாக இருக்கக்கூடும்.

விடுமுறையில் எங்கே சென்றீர்கள், பிறந்த நாளுக்கு என்ன வாங்கினீர்கள், தந்தை என்ன தொழில் செய்கிறார், காலையில் என்ன உண்டீர்கள் என்பன தவிர்க்கத்தக்கவை. இவை வறுமையையும் சாதியையும் இழப்பையும் வகுப்பின் நடுவே வெளிப்படுத்திவிடும். வெறும் வயிற்றோடு வந்த குழந்தைக்குக் கடைசி வினா ஒரு தண்டனையே.

வேறு சில நெறிகளும் உண்டு. முதலில் ஆசிரியரே தம் விடையைக் கூறுதல் வேண்டும். பேச விரும்பாதவர் ‘இன்று வேண்டாம்’ என்று கூற உரிமை பெறுதல் வேண்டும். வீட்டு மொழியில் விடை வந்தால் திருத்தலாகாது. எவருடைய விடையையும் நகைத்தல் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, கேட்டதை நினைவில் கொள்ளுதல். தன் கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசிய சிறுமியிடம், அடுத்த வாரம் கன்று நலமா என்று ஆசிரியர் கேட்கும்போதே, தன் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதை அச்சிறுமி உணர்கிறாள்.

சில வேளைகளில் ஒரு விடை, குழந்தை துன்புறுவதைக் காட்டக்கூடும். அப்போது வகுப்பில் மேலும் வினவாமல் தனியே பேசுதல் வேண்டும். எவரிடமும் கூறுவதில்லை என்று வாக்களித்தல் கூடாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயமாகும்.

அதிகாரிகளின் பங்கு

இம்முறைக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. இதற்கெனப் பதிவேடும் மாதாந்திர அறிக்கையும் கோரினால், வினா மீண்டும் தேர்வாக மாறிவிடும். ஆசிரியருக்கு அந்த ஐந்து நிமிடங்களை விட்டுக்கொடுப்பதும், பார்வையிடச் செல்லும்போது பின்வரிசையில் அமர்ந்து கேட்பதும் போதுமானவை. நெடுநாள் பேசாதிருந்த மாணவர் ஒருவர், கணக்குப் பாடத்தின் நடுவே எழுந்து, “எனக்கு விளங்கவில்லை” என்று அச்சமின்றிக் கூறுவாரானால், அந்த ஐந்து நிமிடங்கள் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.