ஓசையின்றி வரும் நோய்

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். பல்வலி வந்தால் இரவெல்லாம் உறக்கம் இராது. நீரிழிவு அப்படியன்று. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் ஆண்டுக்கணக்கில் ஒரு நோவும் இன்றி நடமாடுவோர் பலர். காலில் தைத்த முள் ஆறாப் புண்ணானபோதோ, கண் மங்கியபோதோதான் நாம் மருத்துவரைத் தேடுகிறோம். அதற்குள் நரம்பும் விழித்திரையும் கெடத் தொடங்கியிருக்கும்.

நகரத்தில் இருப்பவர் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தே போய் வரலாம். நாற்று நடும் பெண் என்ன செய்வாள்? வெறும் வயிற்றோடு பேருந்து ஏறிப் போனால் அன்றைய கூலி போயிற்று. வலிக்காத உடம்புக்காகக் கூலியை இழக்க யாருக்கு மனம் வரும்? அதை அலட்சியம் என்று நாம் சொல்வது நியாயமாகாது. சோதனைதான் அவளைத் தேடிப் போகவேண்டும்.

அப்படியே போயிற்று, சூணாம்பேட்டுக்கு. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஊர் அது. சென்னை நீரிழிவு மருத்துவர் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2006-இல் அங்கே தொடங்கிய திட்டத்தில், சுற்றியுள்ள 42 கிராமங்களுக்கு மருத்துவ வண்டி சென்றது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தனர். நோயுள்ளவர்களின் விழித்திரையைப் படம் பிடித்துச் செயற்கைக்கோள் வழியே சென்னைக்கு அனுப்பினர். அக்கிராமங்களின் பெரியவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் சோதனை செய்துகொண்டனர். வாசலுக்கே வந்ததால் அல்லவா இத்தனை பேர்! 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் வீடு தேடிச் செல்வதுதான்.

இரத்தம் எடுக்குமுன் சலித்துப் பார்க்கவும் வழியுண்டு. அதே குழுவினர் 2005-இல் வெளியிட்ட மதிப்பெண் முறைக்குத் தையல் நாடா ஒன்று போதும். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, வயதுக்கு 20. இடைச் சுற்றளவு 85 சென்டிமீட்டர்; அதற்கு 10. நாளெல்லாம் உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை, 30. அவள் தாய்க்கு நீரிழிவு, 10. ஆக 70. பரீட்சையில் 60 வாங்கினால் முதல் வகுப்பு என்று மகிழ்வோம். இங்கே 60 வந்தாலே எச்சரிக்கை!

மதிப்பெண் நோயைச் சொல்லிவிடாது, இரத்தம்தான் சொல்லும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், மறுமுறையும் பார்த்து நீரிழிவு என்று உறுதி செய்வார்கள். 100-லிருந்து 125 வரை என்றால் நோய் இன்னும் உள்ளே வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது. உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்தால், பலருக்கு அதை அங்கேயே நிறுத்திவைக்க முடிகிறது.