கூடு விட்டுக் கூடு பாயும் யந்திரம்

சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதைகளைப் பாட்டிமார் சொல்ல நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஓர் உடலை மரத்தடியில் கிடத்திவிட்டு, உயிர் மட்டும் போய் வேறோர் உடலில் புகுந்துகொள்ளும். அந்த வித்தை இக்காலத்தில் எங்கே நடக்கிறது என்று யாராவது கேட்டால், இங்கிலாந்திலுள்ள மோட்டார்ப் பித்தர்களின் கொட்டகைகளைத்தான் நாம் காட்டவேண்டியிருக்கும். அங்கே ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றி, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத இன்னொரு வண்டியின் கூட்டுக்குள் குடியேற்றுகிறார்கள். இப்படிப் பிறக்கும் வண்டிக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். இதைச் 'சூடான கம்பி' என்று தமிழ்ப்படுத்தினால், யமலோகத்தில் பாவிகளுக்கு நடக்கும் உபசாரம் போலத் தொனிக்கிறது! ஆகவே பெயரை அப்படியே விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

ஹாட் ராட்டின் பிறப்பிடம் அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியா. ஹென்றி போர்டு 1932-ஆம் வருஷம் எட்டு ஸிலிண்டர் எஞ்சின் பொருத்திய மோட்டாரைச் சாமானிய ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் விற்கத் தொடங்கினார். எட்டு ஸிலிண்டர்களும் நான்கு நான்காகப் பிரிந்து, கவைக் கம்பின் இரு கிளைகளைப் போல் சாய்ந்து நிற்கும். அதனால் இவ்வகை எஞ்சினுக்கு 'வி-8' என்று பெயர். சில வருஷங்களில் இந்த வண்டிகள் கைமாறிக் கைமாறி மலிந்துபோயின. கையில் காசு குறைவாகவும் மனத்தில் ஆசை அதிகமாகவும் இருந்த வாலிபர்கள் அவற்றை வாங்கினார்கள். மட்கார்டுகளையும் மூடிகளையும் கழற்றி எறிந்து பாரத்தைக் குறைத்தார்கள். எஞ்சினை அக்கக்காகப் பிரித்துத் திருத்திச் சக்தியைக் கூட்டினார்கள். பிறகு மியூராக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளுக்குச் சென்று, யார் வண்டி வேகம் என்று பார்த்தார்கள். 1937-ல் இதற்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டுவிட்டது.

இந்த மோகம் சமுத்திரம் தாண்டி இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தபோது ஒரு சங்கடம் எழுந்தது. அமெரிக்காவின் பெரிய எஞ்சின்கள் இரும்பு வார்ப்பு, மகா கனம். அவற்றை வரவழைக்கச் செலவு அதிகம். பெட்ரோல் விலையோ அமெரிக்காவைவிட எத்தனையோ மடங்கு. உடலாகக் கிடைத்தவையும் சிறிய வண்டிகள்தாம். இங்கிலாந்து ஹாட் ராட்காரர்களின் செல்லப் பிள்ளை 'போர்டு பாப்புலர்' என்னும் வண்டி. 1953 முதல் 1959 வரை உற்பத்தியான இதன் உருவம் யுத்தத்துக்கு முந்தியது. எஞ்சினுக்கு 30 குதிரைச் சக்தி. பிரேக்கை அழுத்தினால் எண்ணெய் அழுத்தத்தால் அல்ல, கம்பிகளின் இழுப்பால்தான் வேலை செய்யும். இந்தச் சின்னஞ்சிறு கூட்டுக்கு ஏற்ற உயிர் எது?

உள்நாட்டிலேயே புகழ்பெற்ற ஓர் உயிர் இருந்தது. ஜாகுவார் கம்பெனி 1948-ல் வெளியிட்ட எக்ஸ்-கே எஞ்சின் அது. ஆறு ஸிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்க, தலைமேல் பளபளவென்று மெருகேறிய இரண்டு நீண்ட மூடிகளுடன் காட்சியளிக்கும். லே மான் என்னும் பிரெஞ்சு நகரில் நடக்கும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து வருஷங்களில் ஜாகுவார் வென்றது இந்த எஞ்சினைக் கொண்டுதான். அழகில் இதற்கு நிகரில்லை. ஆனால் நீளம் அதிகம், உயரம் அதிகம், எடையும் அதிகம். குருவிக் கூட்டில் கழுகை வைப்பது போன்ற காரியம். வைத்தவர்கள் உண்டு, வைப்பதற்காக வண்டியின் பாதி உடலை வெட்டினவர்களும் உண்டு.

கடைசியில் பெரும்பாலோர் கையில் வந்து சேர்ந்தது ரோவர் கம்பெனியின் வி-8 எஞ்சின். அதன் கதை சுவாரஸ்யமானது. ஏனென்றால் இந்த 'பிரிட்டிஷ்' எஞ்சின் உண்மையில் இங்கிலாந்தில் பிறக்கவே இல்லை.

அமெரிக்காவில் ப்யூயிக் கம்பெனியார் 1961-ஆம் வருஷத்து வண்டிகளுக்காக அலுமினியத்தால் ஒரு வி-8 எஞ்சினை வார்த்தார்கள். கொள்ளளவு 215 கன அங்குலம். நம் கணக்கில் மூன்றரை லிட்டர். எடை சுமார் 318 ராத்தல், அதாவது 144 கிலோ. ஏறத்தாழ 150 குதிரைச் சக்தி தரும் எஞ்சினுக்கு இது ஆச்சரியமான லேசு. ஆனால் அலுமினிய வார்ப்பில் தொல்லைகள் பல வந்தன. வார்ப்பில் நுண்ணிய துவாரங்கள் விழுந்து எண்ணெயும் நீரும் கசிந்தன. வார்ப்புச் செலவும் அதிகமாயிற்று. இதற்கிடையே மெல்லிய சுவருடன் இரும்பை வார்க்கும் முறை முன்னேறிவிடவே, '1963-உடன் போதும்' என்று கம்பெனி தலைமுழுகிவிட்டது. மூன்றே வருஷ ஆயுள்!

ரோவர் கம்பெனியின் நிர்வாக டைரக்டர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அச்சமயம் வியாபார விஷயமாக அமெரிக்காவுக்குச் சென்றிருந்தார். விஸ்கான்ஸின் மாகாணத்தில், படகு எஞ்சின்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பட்டறைத் தரையில் இந்த அலுமினிய எஞ்சின் கிடந்தது. அவர் கண்ணில் அது பட்டது. அளந்து பார்த்தார், தம் கம்பெனி வண்டிகளுக்குள் அடங்கும் என்று கண்டார். 1965-ல் உரிமை கைமாறியது. ப்யூயிக்கில் அந்த எஞ்சினை உருவாக்கிய நிபுணர்களில் ஒருவரான ஜோ டர்லே என்பவரும் இங்கிலாந்துக்கு வந்து யோசனை சொன்னார். ரோவர்காரர்கள் வார்ப்பு முறையையே மாற்றினார்கள். ப்யூயிக் தன் ஸிலிண்டர் உறைகளை அலுமினியத்தோடு சேர்த்தே வார்த்தது. இவர்களோ முதலில் வார்த்துவிட்டுப் பிறகு இரும்பு உறைகளை உள்ளே அழுத்திப் பொருத்தினார்கள். 1967-ல் ரோவர் வண்டியில் புகுந்த அந்த எஞ்சின், 1970-ல் ரேஞ்ச் ரோவரிலும் ஏறி, உருவத்தில் வளர்ந்து வளர்ந்து 2004 வரை உற்பத்தியாயிற்று. பிறந்த வீட்டில் மூன்று வருஷம். புகுந்த வீட்டில் முப்பத்தேழு வருஷம்! நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தோன்றாது.

இந்த எஞ்சின் பிற உடல்களில் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு எம்.ஜி.பி. வண்டி நல்ல உதாரணம். அதன் சொந்த எஞ்சின், நம் அம்பாஸடரை வெகுகாலம் ஓட்டிய எஞ்சினுக்கு அண்ணன் தம்பி முறை; நான்கு ஸிலிண்டர் இரும்பு வார்ப்பு. கென் காஸ்டெல்லோ என்ற பந்தயக்காரர் அதை எடுத்துவிட்டு ரோவர் வி-8ஐ வைத்துப் பார்த்தார். ஸிலிண்டர்கள் இரு மடங்கு. ஆனால் வண்டியின் முன்பாரம் கூடவில்லை! பிறகு கம்பெனியே விழித்துக்கொண்டு 1973 முதல் 1976 வரை இதே ஏற்பாட்டுடன் 2,591 வண்டிகளைச் செய்து விற்றது.

ஹாட் ராட் கொட்டகைகளுக்கு இந்தச் செய்தி எட்டாமல் இருக்குமா? துருவேறி ஓய்ந்த ரோவர் வண்டிகள் பழைய இரும்புக் கடைகளில் குவியத் தொடங்கிய காலத்தில், அவற்றின் எஞ்சின்கள் போர்டு பாப்புலருக்குள் குடியேறின. 30 குதிரைகள் இருந்த லாயத்தில் 150 குதிரைகள்!

இங்கேதான் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். எஞ்சினை உள்ளே இறக்குவது ஒரு நாள் வேலை. அதற்குப் பின்னால் இருப்பது பல மாத வேலை. ஐந்து மடங்கு சக்தி வந்தால் கம்பி இழுக்கும் பழைய பிரேக்கை நம்பி வீதியில் இறங்க முடியுமா? நான்கு சக்கரங்களுக்கும் புதிய பிரேக் வேண்டும். பின் அச்சு முறுக்குத் தாங்காமல் முறியும். வேறு அச்சு வேண்டும். எஞ்சினையும் பின் அச்சையும் இணைக்கும் சுழல் தண்டை அளவாக வெட்டிச் சமன் செய்யவேண்டும். ஸ்டியரிங் தண்டு புகைக் குழாயில் முட்டாமல் வளைந்து போகவேண்டும். எஞ்சினைத் தாங்கும் சட்டத்துக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். ரேடியேட்டர் பெரிதாக இருக்கவேண்டும். அலுமினியமும் இரும்பும் நீரில் ஒன்றாக ஊறினால் அரிப்பு உண்டாகுமாதலால், அதைத் தடுக்கும் திரவத்தை நீரில் கலந்து, காலம் தவறாமல் மாற்றவும் வேண்டும். ஸ்குரூவை முரட்டுத்தனமாக முடுக்கினால் அலுமினிய மரை வழுக்கிப் போய்விடும். வலிமையைக் காட்டிலும் பொறுமையைக் கேட்கும் எஞ்சின் இது.

இவ்வளவையும் செய்தவனுடைய வண்டி வீட்டாரை ஏற்றிக்கொண்டு சுகமாகத் திரும்பி வரும். எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு மீசையை முறுக்கினவனுடைய வண்டி முதல் திருப்பத்திலேயே அவனுக்குப் பாடம் கற்பிக்கும். எதை வைத்து ஒரு வண்டியை 'அதே வண்டி' என்று சொல்வது என்பதற்கு இங்கிலாந்து சர்க்கார் நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தார்கள். அதில் சட்டத்துக்கு 5 புள்ளி. ஸ்டியரிங், அச்சு, ஸ்பிரிங் அமைப்பு, கியர் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. இத்தனை ஆரவாரம் செய்யும் எஞ்சினுக்கோ ஒரே ஒரு புள்ளி! வாலிபர்கள் யோசிக்கவேண்டிய கணக்கு இது.

உடலும் உயிரும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் சென்னை நகரமே கண்டிருக்கிறது. ரோவர் கம்பெனி 1976-ல் இதே வி-8 எஞ்சினுடன் 'எஸ்.டி.1' என்ற கம்பீரமான வண்டியை வெளியிட்டு, ஐரோப்பாவின் 1977-ஆம் வருஷத்துச் சிறந்த வண்டி என்ற பரிசையும் பெற்றது. அதன் உடலை இங்கே வண்டலூரையடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் 1985-ல் செய்தது. ஆனால் உள்ளே வைத்தது, பழைய வான்கார்டு வண்டியின் வம்சத்தில் வந்த 1991 ஸி.ஸி. நான்கு ஸிலிண்டர் எஞ்சினை. ராஜாவின் உடையை அணிந்துகொண்டு வண்டி மெள்ள மெள்ள நகர்ந்தது. பெட்ரோலையோ ராஜாவைப் போலவே செலவழித்தது. 1988-ல் உற்பத்தி நின்றது. அந்தத் தொழிற்சாலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது சாதாரண நஷ்டமல்ல. மிஞ்சிய உதிரிப் பாகங்கள், எஸ்.டி.1 அபிமானிகளுக்காக இங்கிலாந்துக்கே விலைக்குப் போயின.

அந்த எஞ்சின் மட்டமானது என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. அதே குடும்பத்து எஞ்சின் கவென்ட்ரி நகரில் உருவான பெர்குஸன் டிராக்டரில் உட்கார்ந்து வயல்களை உழுதிருக்கிறது. டிரையம்ப் டி.ஆர்.2 என்னும் சிறிய இரட்டை ஆசன வண்டியில் புகுந்து சிட்டாய்ப் பறந்திருக்கிறது. மார்கன் வண்டியில் ஏறி, 1962-ஆம் வருஷம் லே மான் பந்தயத்தில் தன் வகுப்புக்குரிய முதற் பரிசையே வாங்கியிருக்கிறது. வயலிலும் பந்தயத்திலும் பெயரெடுத்த எஞ்சின் வண்டலூரில் தோற்றதென்றால், குற்றத்தை எஞ்சின்மேல் போடுவது நியாயமாகாது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இந்த வரலாற்றைப் பொருளோடுதான் வாசிக்கிறோம். ஒரு வகுப்பில் மக்கு என்று பெயர் வாங்கிய பையன் வேறொரு வகுப்பில் சுடர்விடுவதை வருஷந்தோறும் பார்க்கிறோம் அல்லவா?

ஹாட் ராட் கலைக்கு எதிராகவும் ஒரு வழக்கு உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. ஒரு காலத்தில் சீந்துவாரற்றுக் கிடந்த பழைய ரோவரும் ஜாகுவாரும் இப்போது போற்றிக் காக்கப்படும் வண்டிகள் ஆகிவிட்டன. அவற்றை எஞ்சினுக்காக உடைத்தவர்கள்மேல் அபிமானிகளுக்கு ஆத்திரம் உண்டு. நம் அபிப்பிராயம் இது: துருவேறி மாண்ட வண்டியிலிருந்து எஞ்சினை எடுப்பது கண் தானம் போன்றது, ஓடுகிற நல்ல வண்டியைப் பிளப்பது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறவனிடம் பழைய வண்டி எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் இன்று மாலையே அப்பாவின் காரைக் கழற்றத் தொடங்கவேண்டாம்! ஆனால் கற்றுக்கொள்வதற்குத் தடை ஏது? ஊருக்கு ஊர் மோட்டார்ப் பட்டறைகள் இருக்கின்றன. மூலையில் கிடக்கும் பழைய எஞ்சின்களும் இருக்கின்றன. ஒன்றைப் பிரித்து, ஒவ்வோர் அங்கமும் ஏன் அங்கே இருக்கிறது என்று அறிந்து, மறுபடி பூட்டி ஓடவைக்கப் பழகுங்கள். விஸ்கான்ஸின் பட்டறைத் தரையில் கிடந்த எஞ்சினைத் தாண்டி எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். குனிந்து அளந்து பார்த்தவர் ஒருவர்தான்.