படை பிறந்த கதை – 9: இரண்டு படைக்கும் பிரிட்டிஷ் தளபதி

1947 ஆகஸ்ட் 15 அன்று ஆட்சி கைமாறியது; ராணுவத் தலைமை மாறவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் தலைமைத் தளபதி ஜெனரல் ராப் லாக்ஹார்ட். பாகிஸ்தான் படைக்கு ஜெனரல் பிராங்க் மெஸ்ஸர்வி. இருவரும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பழைய அதிகாரிகள்.

பிரிட்டிஷ்காரர்களைத் தக்கவைத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. இந்தியர்களுக்கு அதிகாரிப் பதவியின் கதவு முதல் உலகப் போரின் முடிவில்தான் திறந்தது. டேராடூன் ராணுவ அகாடமி தொடங்கியதோ 1932-இல். ஆகவே 1947-இல் பிரிகேடியருக்கு மேலே ஏறியிருந்த இந்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. படையும் தளவாடமும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரிந்தன. 10 கூர்க்கா ரெஜிமென்டுகளில் 6 இந்தியாவுக்கு. மீதி 4 பிரிட்டனுக்கு.

பாகப்பிரிவினையை நடத்திவைக்க இரு தளபதிகளுக்கும் மேலே ‘சுப்ரீம் கமாண்டர்’ என்ற பெயரில் பீல்டு மார்ஷல் ஆக்கின்லெக் டெல்லியில் அமர்ந்திருந்தார். இரண்டு நாடுகள், இரண்டு படைகள், உச்சியில் ஒரே ஆள். காகிதத்தில் மட்டும் சரியாக இருந்த இந்த ஏற்பாட்டை இரண்டரை மாதத்தில் காஷ்மீர் உடைத்தது.

அக்டோபர் 27-இல் இந்தியத் துருப்புகள் விமானத்தில் ஸ்ரீநகர் போய் இறங்கின. அன்றே காஷ்மீருக்குள் படை அனுப்பும்படி ஜின்னா உத்தரவிட்டார். மெஸ்ஸர்வி லண்டனில் இருந்தார். பொறுப்பில் இருந்தவர் டக்ளஸ் கிரேசி. ஆக்கின்லெக்கின் ஒப்புதல் இல்லாமல் முடியாது என்று அவர் கைவிரித்துவிட்டார். ஒரு நாட்டின் கவர்னர் ஜெனரல் இட்ட கட்டளைக்கு, பக்கத்து நாட்டுத் தலைநகரில் இருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது! மறுநாளே லாகூருக்குப் பறந்த ஆக்கின்லெக், படை நகர்ந்தால் பிரிட்டிஷ் அதிகாரிகள் அனைவரையும் விலக்கிக்கொள்ள நேரும் என்றார். அந்த அதிகாரிகள் இல்லாமல் புதிய படை ஓடாது. ஜின்னா உத்தரவைத் திரும்பப் பெற்றார். ஆக்கின்லெக்கின் அலுவலகமும் நவம்பர் முடிவில் மூடப்பட்டது. அவர் பாகிஸ்தானுக்குச் சாய்கிறார் என்ற சந்தேகம் இந்தியத் தலைவர்களுக்கு வலுத்திருந்தது.

1948 ஜனவரியில் லாக்ஹார்ட் இடத்துக்கு ராய் புச்சர் வந்தார். பிப்ரவரியில் மெஸ்ஸர்வி இடத்துக்கு கிரேசி. காஷ்மீர்ப் போர் ஆண்டு முழுதும் நீடித்தது. இரு பக்கமும் செத்தவர்கள் உபகண்டத்துப் பிள்ளைகள்; இரு படைகளின் தலைமையிலோ ஒரே அரசருக்குச் சேவை செய்து வளர்ந்த சக அதிகாரிகள். டிசம்பர் இறுதியில் அரசின் சம்மதத்தோடு புச்சர் கிரேசிக்குத் தந்தி கொடுத்தார். 1949 ஜனவரி 1 முதல் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 15 அன்று, புச்சரிடமிருந்து பொறுப்பை ஏற்றார் கே.எம்.கரியப்பா. குடகில் பிறந்தவர், குவெட்டா ஸ்டாஃப் காலேஜில் படித்த முதல் இந்தியர், ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரும் அவரே. ஆண்டுதோறும் அந்தத் தேதியே ராணுவ தினமாகக் கொண்டாடப்படுகிறது. பாகிஸ்தான் தன் முதல் சொந்தத் தளபதியைப் பெற மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன: 1951 ஜனவரியில் அயூப் கான்.

இந்த அயூப் கான் பிரிவினைக்கு முன் எல்லைப்புற மாகாணத்தில் கரியப்பாவின் கீழ் பணியாற்றியவர். 1965 போரில் கரியப்பாவின் மகன் ஓட்டிய போர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அவர் பாகிஸ்தானிடம் சிறைப்பட்டார். அப்போது அதிபராக இருந்த அயூப் மகனை விடுவிக்க முன்வந்ததாகவும், மற்றக் கைதிகளுக்கு இல்லாத சலுகை தன் மகனுக்கு வேண்டாம் என்று கரியப்பா மறுத்ததாகவும் சொல்வார்கள். மகன் மற்றவர்களோடுதான் திரும்பினார்.

இந்த வாரத்துக்கென வைத்திருந்த இரண்டு சங்கதிகள் மிஞ்சிவிட்டன. 1955-இல் ‘கமாண்டர் இன் சீஃப்’ பட்டம் ஒழிந்து ராணுவத் தலைமை ‘சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப்’ ஆனது ஒன்று. 1959-இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு மோதிய ராணுவத் தலைவர் திம்மய்யா ராஜினாமா கொடுத்துத் திரும்பப் பெற்றது மற்றொன்று. இரண்டும் அடுத்த வாரம்.