வலி சொல்லாததை வெப்பம் சொல்லும்

குழந்தைக்குக் காய்ச்சலோ என்று ஐயுற்றால் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்காத தாய் நம் தஞ்சை மண்ணில் இல்லை. அந்தக் கையின் வேலையைப் படக் கருவியொன்று செய்வதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

என் தமையனார் நீண்ட நாள் நீரிழிவு உடையவர். ஒரு குறுவையின்போது நடவைப் பார்த்துவிட்டு வரப்பு வழியே வீடு திரும்பினார். காலில் ஏறிய கருவேல முள்ளை இரண்டு நாள் வரை அவர் அறியவே இல்லை. வலித்தால் அன்றோ அறிவார்? நீரிழிவு பாதத்து நரம்புகளை முன்பே மரக்கச் செய்திருந்தது. முடிவில் பெருவிரலை எடுக்க நேர்ந்தது.

இத்தகைய வலியற்ற பாதங்களை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் பிறந்து, நம் கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளருக்குப் பணிபுரிந்தார். அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி அற்றதனால் கவனிக்கப்படாத காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று அவர் நிலைநாட்டினார். அழுத்தத்தால் நைந்த இடத்தில், புண் வெளிப்படுமுன்னரே இரத்தம் மிகுந்து சூடு ஏறும். பின்னர் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அவரும் உடன் பணியாற்றியோரும் அச்சூட்டை வெப்பப் படக் கருவியால் கண்டறிந்தனர்.

இக்கருவி எக்ஸ்ரே போன்றதன்று. உடலுக்குள் எதையும் செலுத்துவதில்லை. நம் தோல் எப்பொழுதும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டிருக்கிறது. சூடு மிகுந்தால் கதிரும் மிகும். 1800இல் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தோன்றிய இடத்தில் வெப்பமானியை வைத்தார், பாதரசம் ஏறிற்று! அந்தக் கதிர்களையே கருவி உணர்ந்து, சூட்டின் ஏற்றத்தாழ்வை நிறங்களாகத் தீட்டிக் காட்டுகிறது. இரண்டு பாதங்களிலும் ஒத்த இடங்களை ஒப்பிடுவர். ஏறத்தாழ 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு நீடித்தால், புண் வரக்கூடும் என்று கொண்டு அந்தக் காலுக்கு ஓய்வளிப்பர்.

வெயிலில் நடந்து வந்தவரை உடனே படமெடுத்தால் படம் பொய் சொல்லும். சற்று நேரம் அமர்ந்திருக்க வேண்டும். கருவி காண்பதும் தோலின் சூட்டையே. 1956இல் கனடாவில் ரே லாசன், மார்பகப் புற்றுநோய்க் கட்டியின்மேல் தோல் சூடேறியிருந்ததை எழுதினார். பலர் பெருநம்பிக்கை கொண்டனர். ஆயினும் மார்பக எக்ஸ்ரேக்கு மாற்றாக இதனை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. மாற்று என்று விளம்பரம் செய்வோரை நம்பற்க.

எங்கள் ஊருக்கு இக்கருவி வரவில்லை. அண்ணியார் இரவுதோறும் தமையனாரின் உள்ளங்கால்களை விளக்கொளியில் பார்த்து, இரண்டிலும் மாறிமாறிப் புறங்கையை வைக்கிறார். கையின் கணக்கு ஏறத்தாழத்தான். சென்ற தை மாதம் இடக் குதிகால் சுடுகிறது என்று அவர் சொன்ன மறுநாளே தஞ்சைக்கு வண்டி ஏறினோம்.