நிமோவுக்கு வயிறு சரியில்லை

செஞ்சியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். ராஜகிரி மலை தெரிகிற மாடியில், கடலுக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர் தள்ளி, செயற்கை உப்பைக் கரைத்துக் கடல் மீன் வளர்க்கிறாராம். அந்த ஆர்வத்துக்கே ஒரு கும்பிடு. அவருடைய நிமோ, அதாவது கோமாளி மீன், போட்டதையெல்லாம் தின்கிறது. ஆனாலும் வயிறு ஒட்டி, முதுகு கத்திபோல் தெரிகிறது. கழிவு வெள்ளை நூலாக நீண்டு தொங்குகிறது. மெட்ரோனிடசோல் 400 மாத்திரை ஒன்றை நுணுக்கி நூறு லிட்டர் தொட்டியில் கலக்கியிருக்கிறார். ஒரு மாற்றமும் இல்லை. ஏன் என்று கேட்கிறார்.

உப்பளவும் வடிகட்டியும் இவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேரே குடலுக்குப் போவோம்.

அங்கே குடியிருப்பவை இரண்டு வகை. ஒன்று கண்ணுக்குத் தெரியும் நாடாப்புழுவும் உருளைப்புழுவும். பார்க்கப் பயங்கரம், ஆனால் தொட்டிக்குள் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வம்சவிருத்தி கிடையாது. நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வருவதை ஏதோவொரு நுண்ணிய கணுக்காலி விழுங்க வேண்டும், அதை மீன் விழுங்க வேண்டும், சில இனங்களுக்கு அந்த மீனைச் சுறாவோ திருக்கையோ விழுங்கினால்தான் கதை முடியும். மாடித் தொட்டியில் திருக்கைக்கு எங்கே போவது? இன்னொரு வகை, சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் ஒற்றைச் செல் உயிரிகள். ஸ்பைரோநியூக்ளியஸ் அதில் பேர்போனது. அதற்கு இடைத்தரகர் யாரும் வேண்டாம். ஒரு மீனின் கழிவிலிருந்து அடுத்த மீனின் வாய்க்குப் போய்விடும். வெள்ளை நூல் கழிவைக் கண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பார்கள். மெட்ரோனிடசோல் இதைக் கொல்லும், நாடாப்புழுவைத் தொடாது. அதற்குப் பிராசிகுவான்டெல், உருளைப்புழுவுக்கு ஃபென்பென்டசோல்.

ஆக, வாசகர் மருந்தைத் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். போன வழிதான் கோளாறு. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் வருகிறது.

செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளத்தில் நீந்தும் கெண்டை, தண்ணீரே ஏறக்குறையக் குடிப்பதில்லை. அதன் இரத்தம் குளத்து நீரைவிட உப்பானது. எனவே செவுள் வழியாகத் தண்ணீர் தானாகவே உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. வந்ததை வெளியேற்றுவதே அதற்குப் பெரும்பாடு, ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது. கடல் மீனுக்கு நிலைமை நேர்தலைகீழ். அதன் இரத்தத்தில் உள்ள உப்பு கடலில் உள்ளதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். சுற்றியுள்ள உப்பு, உடம்பிலிருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. கழுத்தளவு நீரில் கிடந்தும் அது வற்றிக்கொண்டிருக்கும் பிராணி. ஆகவே இரவும் பகலும் கடல்நீரைக் குடிக்கிறது. குடித்த நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், கூடவே வந்த உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் வெளியே தள்ளும்.

அப்படியானால் தண்ணீரில் போட்ட மருந்து தானே குடலுக்குப் போய்ச் சேர வேண்டாமா? போகிறது. எவ்வளவு என்று பார்ப்போம். பத்து கிராம் எடையுள்ள நிமோ நாள் முழுக்கக் குடிப்பது ஓரிரு மில்லிலிட்டர். நூறு லிட்டரில் 400 மில்லிகிராம் கரைந்தால், அந்த ஓரிரு மில்லிலிட்டரில் இருப்பது 0.004 முதல் 0.008 மில்லிகிராம். நூல்கள் சொல்லும் அளவோ உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், தொடர்ந்து ஐந்து நாள். நம் பத்து கிராம் மீனுக்கு அரை மில்லிகிராம் வேண்டும். வாய்வழியே கிடைத்தது அதில் நூற்றில் ஓரிரு பங்கு. செவுள் வழியே கொஞ்சம் ஏறும் என்றாலும் அதை நம்பி உட்கார முடியாது.

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குப் புழுமருந்து கொடுப்பவர், தொட்டித் தண்ணீரில் அதை ஊற்றிவிட்டுப் போவதில்லை. வாயைப் பிளந்து மூங்கில் குழாயில் ஊற்றுவார். மீன் வாயைப் பிளக்க முடியாது. தீனியில்தான் ஒளிக்க வேண்டும். மருந்தோ கசப்பு, பிராசிகுவான்டெல் அதைவிடக் கசப்பு. வாயில் வாங்கிய வேகத்தில் துப்பிவிடும். அதற்கு வழி அகர் அகர். ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருவது. இறாலை விழுதாக அரைத்து, அகரைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மருந்துத் தூளோடு கலந்து தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். பொடிப்பொடியாக நறுக்கிப் போடலாம். மருந்தும் நீரில் எளிதில் கரைந்து போகாது. மேலே சொன்ன கணக்குப்படி ஒரு மாத்திரை கால் கிலோ தீனிக்குப் போதும்.

இனி கொஞ்சம் கோபம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத இந்த மாத்திரையை நம் ஊர்களில் மிட்டாய்போல் வாங்க முடிகிறது. உண்ணும் மீன் வளர்ப்பில் இது தடை செய்யப்பட்ட மருந்து. அலங்கார மீன்தானே என்று தொட்டியில் கொட்டி, வாரம் தவறாமல் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால், அதில் வாழும் கிருமிகளுக்கு நாமே பயிற்சி கொடுக்கிறோம். என்ன நோய் என்றே பார்க்காமல் மூன்று மருந்தை ஒன்றாகக் கலக்குகிறவர்களும் இருக்கிறார்கள். மீன் போய்ச் சேர்ந்த பிறகு, கடல் மீன் வளர்ப்பதே கஷ்டம் என்பார்கள்.

பார்ப்பது கடினமில்லை. புதிதாக விழுந்த கழிவைத் தொட்டி நீரின் ஒரு சொட்டோடு கண்ணாடித் தகட்டில் வைத்து, கல்லூரி விலங்கியல் ஆய்வக நுண்ணோக்கியில் நானூறு மடங்கு பெருக்கிப் பாருங்கள். சாட்டை உயிரிகள் இருந்தால் துள்ளி ஓடும். புழு முட்டை இருந்தால் அசையாமல் கிடக்கும். உடனே பார்க்க வேண்டும், நேரம் போனால் சாட்டை உயிரிகள் நீந்துவதை நிறுத்திவிடும்.

கடலில் பிடித்த மீனுக்குப் பதில் பண்ணையில் பிறந்ததை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். தாராளமாக. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டி எத்தனையோ வருடமாகிறது. ஆனால் விற்கும் கடையில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றுகிறதா என்று குழாயைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சுற்றினால், பண்ணைக் குஞ்சும் பக்கத்துத் தொட்டியின் சாட்டை உயிரியைச் சுமந்துதான் வரும். வீட்டில் நான்கு வாரம் தனித்தொட்டி. நோய்க்கார மீனுக்கும் மருந்தை அதிலேயே கொடுங்கள். பெரிய தொட்டியில் வேண்டாம்.