கிளிவெட்டி தந்த பாராளுமன்ற உறுப்பினர்

ஓர் ஊரின் குரல் அரசமன்றத்தில் ஒலிப்பதற்குத் தலைவனின் ஆற்றல் மட்டும் போதாது. வாக்குகளை எண்ணும் முறையும் அதற்கு இடங்கொடுத்தல் வேண்டும். இவ்வுண்மையைக் கிளிவெட்டியின் மைந்தர் அமரர் அருணாசலம் தங்கத்துரை அவர்களின் அரசியல் வாழ்வு நன்கு விளக்குகின்றது.

1936 ஆம் ஆண்டிற் பிறந்த அவர், 1970 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் சார்பில் மூதூர்த் தொகுதியிற் போட்டியிட்டார். மூதூர் அக்காலத்தில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. முதலாம் உறுப்பினராக ஜனாப் ஏ. எல். அப்துல் மஜீத் அவர்களும், இரண்டாம் உறுப்பினராகத் தங்கத்துரை அவர்களும் தெரிவாயினர்.

பல இனத்தார் கலந்து வாழும் இடங்களிற் சிறுபான்மையோரும் பிரதிநிதித்துவம் பெறுதற்பொருட்டு அமைந்ததே அத்தொகுதி முறை. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. விரும்பின் இரண்டையும் ஒருவருக்கே அளிக்கலாம். ஒரு தொகுதியில் 9,000 பேர் வாக்களிப்பதாகக் கொள்வோம். அவர்களுள் 3,001 பேர் தம் இரு வாக்குகளையும் ஒருவருக்கே அளிப்பின், அவர் 6,002 வாக்குகள் பெறுவார். எஞ்சிய 5,999 பேரின் 11,998 வாக்குகளை இருவர் சமமாகப் பங்கிடினும் ஆளுக்கு 5,999 வாக்குகளே கிடைக்கும். ஆகவே, முன்னவருக்கு ஓர் ஆசனம் உறுதி. தனி அங்கத்தவர் தொகுதியிலோ, எஞ்சியோர் அனைவரும் ஒருவருக்கே வாக்களிப்பின், அந்த 3,001 பேர் தோற்றோரேயாவர்.

1976 ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயம் மூதூரைத் தனி அங்கத்தவர் தொகுதியாக்கிச் சேருவில என்னும் புதிய தொகுதியையும் வகுத்தது. 1977 ஆம் ஆண்டுத் தேர்தலில் இவ்விரண்டிலிருந்தும் தமிழர் எவரும் தெரிவாகவில்லை. மக்கள் அதே மண்ணில் வாழ்ந்தனர். எல்லைக் கோடுகளே இடம் மாறின.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. அம்முறையில் மாவட்டம் முழுவதிலும் சிதறிக் கிடக்கும் வாக்குகள் ஒரே பட்டியலின்கீழ் ஒன்றுசேரும். 1994 ஆம் ஆண்டிலே தமிழர் விடுதலைக் கூட்டணியின் பட்டியலிற் போட்டியிட்ட தங்கத்துரை அவர்கள், திருகோணமலை மாவட்ட உறுப்பினராக மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார்.

அப்பணி நீடிக்கவில்லை. 1997 ஆம் ஆண்டு யூலை 5 ஆந் திகதி, திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி வைபவமொன்றிற்குச் சென்றிருந்தவேளை அவர் கொலையுண்டார். அக்கல்லூரி அதிபரும் வேறு சிலரும் உடன் மாண்டனர். கல்விக்கூடத்து வாயிலிற் சிந்திய அக்குருதியை நினைக்குந்தோறும் நெஞ்சம் பதறுகின்றது. வெற்றிடமான ஆசனத்துக்கு அதே பட்டியலிலிருந்து திரு. இரா. சம்பந்தன் அவர்கள் வந்தார்.

தொகுதி எல்லையும் தேர்தற் சட்டமும் சட்டத்தரணிகளுக்கே உரியவை என்று எம் மாணவர் எண்ணற்க. ஊரின் குரல் ஒலிப்பதும் அடங்குவதும் பெரிதும் அவற்றைப் பொறுத்தே அமையும். ஆயின், எம்முறையாற் கிடைத்த குரலாயினும், அதனை ஆயுதத்தால் அடக்கிவிடின், எந்தக் கணக்கும் அதனை மீட்டுத் தாராது. இவ்விரு பாடங்களையும் உணர்ந்து போற்றுதலே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.