தென்னை நாரும் பிளாஸ்டிக்கும் பிணைவது எவ்வாறு?

தேங்காய் மட்டையின் நாரை நாம் பெரும்பாலும் கயிறு திரிக்கவும் மிதியடி நெய்யவுமே உபயோகித்து வந்தோம். இப்பொழுது நாரை நறுக்கி, சூட்டில் இளகும் பாலிப்ரோபிலின் என்னும் பிளாஸ்டிக்குடன் கலந்து பலகை வார்க்கும் முறையும் வந்துள்ளது. ஐரோப்பாவில் மோட்டார் கார்க் கதவுகளின் உட்பலகைகள் ஆளி, சணல் முதலிய நார்களைக் கொண்டு இவ்விதம் செய்யப்படுகின்றன.

ஆயினும், தென்னை நார் சேர்த்த பலகை சில சமயங்களில் வெறும் பிளாஸ்டிக்கைவிட எளிதில் முறிந்துவிடுகிறது. குறை, இரண்டும் சேருமிடத்தில் உள்ளது. எண்ணெய் தடவிய கையில் பலாப்பால் ஒட்டாது என்பதைப் பழம் அரிபவர் எவரும் அறிவர். நார் ஈரத்தை நாடுவது. பாலிப்ரோபிலினோ எண்ணெயின் இனம். போதாததற்கு, நாரின்மேல் இயற்கையாகவே மெழுகு படிந்துள்ளது. ஆகவே பலகையின்மேல் ஏறும் பாரம் நாருக்குச் சென்று சேருவதில்லை. முறிந்த இடத்தை உற்று நோக்கினால், நார்கள் அறுபடாமல் உருவிக்கொண்டு வந்திருப்பதையும், அவை இருந்த இடத்தில் வழவழப்பான துளைகளையும் காணலாம்.

இதற்கு இரு பரிகாரங்கள் உண்டு. முதலாவது, நூற்றுக்கு 5 பங்கு அளவிலான காஸ்டிக் சோடாக் கரைசலில் நாரைச் சில மணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசி உலர்த்துதல். மெழுகு நீங்கி மேற்பரப்பு சொரசொரப்பாவதால் பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். இங்கிலாந்தின் ஜான் மெர்சர் 1850-இல் பருத்திக்கெனக் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்ததே இது. காரம் மிஞ்சினால் நாரே நைந்துவிடும்.

இரண்டாவது, மாலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிப்ரோபிலினை நூற்றுக்குச் சில பங்கு மட்டும் சேர்த்தல். சவுக்காரம் எண்ணெயையும் நீரையும் இணைப்பதுபோல, இதன் ஒரு முனை நாருடன் இரசாயன முறையில் பிணைய, மறுமுனை பிளாஸ்டிக்குடன் பின்னிக்கொள்கிறது. இதுவே கூடுதல் பயன் தருவது என்பது நம் கருத்து.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஈரமே. உலர்ந்ததாகத் தோன்றும் நாரிலும் நூற்றுக்குச் சுமார் 10 பங்கு ஈரம் இருக்கக்கூடும். பிளாஸ்டிக் 160 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேல் உருகும். 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். இவ்விடைவெளியில் வார்க்கும்போது ஈரம் ஆவியாகிப் பலகையில் குமிழ்களை உண்டாக்கும். எடைக்காக ஈர நாரை விற்போர் அடுத்த முறை வாங்குவோரை இழப்பர்.

காஸ்டிக் சோடாவை நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது. நார் அலசிய பழுப்பு நீர் ஏரியிலோ வாய்க்காலிலோ கலந்தால் மீனுக்கும் பயிருக்கும் கேடு. தொழிற்கூடத்திற்கு இடம் கேட்டு வருவோரிடம், அந்த நீரைக் காரம் போக்கி எங்கே விடுவார்கள் என்பதைப் பஞ்சாயத்தார் முதலிலேயே எழுத்து மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும்.